அவர் நேற்று வந்தாருங்க

நாயிடம்கூட 'போ' என்று சொல்லத் தெரியாத ஒருவரோடு நான் பதினோரு வருடம் ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தேன். அவர் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால், "எம்பேரெல்லாம் எதுக்குங்க டீச்சர், வேற நல்ல பேரா யாருதாச்சும் போட்டுக்கக் கூடாதுங்களா" என்று சங்கடப்படுவார். நாங்கள் எல்லோரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டோம். அவரைவிடப் பதினைந்து வயது மூத்த ஹெட்மாஸ்டரும் அக்கா என்றே கூப்பிட்டார்.

அவிநாசியிலிருந்து கோயமுத்தூர் போகிற வழியில், ரோட்டைவிட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளியிருந்த தனியார் பள்ளி அது. நான் பதினொன்று, பன்னிரண்டு வகுப்புகளுக்குத் தமிழ் எடுத்தேன். அக்கா ஆபீஸ் உதவியாளர். மணி அடிப்பது, சர்க்குலர் கொண்டுபோவது, டீ வாங்கி வருவது, பரீட்சை நாட்களில் தண்ணீர் கொடுப்பது எல்லாம் அவர் வேலை. மூன்று மாடிக் கட்டடம், லிஃப்ட் கிடையாது. ஒரு நாளைக்கு முப்பது தடவையாவது ஏறி இறங்குவார்.

எங்கள் பக்கம் எல்லோருக்கும் பேச்சில் 'ங்க' வரும். நானும் இந்த ஊர்க்காரிதான். வகுப்புக்குள் மட்டும் தமிழாசிரியை என்கிற மிதப்பில் அதைக் கழற்றி வைத்துவிடுவேன். ஆனால் எங்கள் 'ங்க' ஆள் பார்த்துத்தான் வரும். பெரியவர்களுக்கு உண்டு, புதியவர்களுக்கு உண்டு, பஸ்ஸில் காலை மிதித்துவிட்டு முறைக்கிறவருக்குக் கொஞ்சம் குறைத்துக்கொள்வோம். அக்காவுக்கு அந்தக் கணக்கே கிடையாது. பெரியவர், சின்னவர், நல்லவர், கெட்டவர், நாலு கால் உள்ளவர் எல்லோருக்கும் ஒரே அளவுதான்.

பள்ளி மைதானத்தில் ஒரு செவலை நாய் வந்து படுத்துக்கொள்ளும். விரட்டச் சொல்லி ஹெட்மாஸ்டர் உத்தரவு போட்டார். அக்கா விளக்குமாற்றோடு போனார். போனவர் அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "ஏனுங்க சாமி, புள்ளைங்க வெளையாடோணும். போயிட்டு வாங்க" என்றார். நாயும் எழுந்து போனது. மறுநாள் காலையில் பிரேயருக்கு முன்பே வந்துவிட்டது. "நீங்கதானே அக்கா வரச் சொன்னீங்க" என்றேன். "அதுக்குன்னு மொட்டையா போன்னு எப்படிங்க சொல்றது" என்று கேட்டார். நாய் கடைசிவரை எங்கள் பள்ளியில்தான் இருந்தது.

மணி அடிப்பதும் இந்த அழகில்தான் நடந்தது. ஒரு பீரியட் முடிந்தால் தண்டவாளத் துண்டில் இரண்டு அடி அடிக்க வேண்டும், அவ்வளவுதான். அக்கா முதலில் வராந்தாவில் நடந்து ஒவ்வொரு வகுப்பாக எட்டிப் பார்ப்பார். யாராவது மும்முரமாகப் பாடம் நடத்திக்கொண்டிருந்தால், "டீச்சர், மணி ஆச்சுங்க. அடிச்சுக்கட்டுங்களா?" என்பார். கணக்கு சார் எப்போதும், "ரெண்டே நிமிஷம்க்கா" என்பார். அக்கா சுத்தியலைப் பிடித்துக்கொண்டு அவர் வகுப்பு வாசலில் நிற்பார். இப்படிக் காலையிலிருந்து இரண்டிரண்டு நிமிடமாகச் சேர்ந்து, எங்கள் பள்ளியில் மதியச் சாப்பாடு ஊரைவிடக் கால் மணி நேரம் பிந்திதான் வரும். கடைசியில் ஹெட்மாஸ்டர் தானாக அடிக்கிற கரண்ட் மணியை மாட்டினார். அது அலறும்போதெல்லாம் அக்கா எங்களைப் பார்த்து, தான் ஏதோ தப்புச் செய்துவிட்டதைப்போல ஒரு பார்வை பார்ப்பார்.

இப்படிப்பட்டவர் பிளஸ் டூ முடிக்கவில்லை. முடிக்கவில்லை என்றால் ஒரே ஒரு பாடம் பாக்கி. கணக்குப்பதிவியல், வணிகவியல், ஆங்கிலம் எல்லாவற்றையும் பாவாடை தாவணி காலத்திலேயே முடித்துவிட்டார். நின்றது தமிழ். கல்யாணம், குழந்தை, வேலை எல்லாம் ஆன பிறகு, தனித்தேர்வராக மூன்று தடவை எழுதியும் அதே தமிழில் நின்றார். ஸ்டாஃப் ரூமில் இதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் கிடையாது. சிரித்தவர்களில் நானும் ஒருத்தி, ஒளிப்பானேன்.

அந்த ஸ்டாஃப் ரூமில் எனக்கும் கணக்கு சாருக்கும் ஓயாத சண்டை ஒன்று உண்டு. பள்ளிப் படிப்பை முடிக்க ஒரு பரீட்சையில் பாஸ் ஆகித்தான் தீர வேண்டுமா என்பது விஷயம்.

"பன்னெண்டு வருசம் தெனமும் வந்து உக்காந்த புள்ளையை, மூணு மணி நேரத்துல நீ படிக்கவே இல்லைன்னு சொல்லித் தாட்டி வுடறது என்னங்க நாயம்?" என்பார் அவர்.

"ஏன் சார், பஸ்ஸுல ஏறி கோயமுத்தூர் வரைக்கும் உக்காந்து வந்துட்டேன், அதனால டிக்கெட் கேக்காதீங்கன்னு செக்கர்கிட்டச் சொல்ல முடியுமா?" என்பேன் நான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கோபம் மூக்கு நுனியில் இருக்கும். பரீட்சை இல்லாவிட்டால் ஒரு பயலும் புத்தகத்தைத் தொட மாட்டான், தரம் என்று ஒன்று வேண்டாமா என்றெல்லாம் சத்தம் போடுவேன். பரீட்சை என்றால் அது எல்லோருக்கும் ஒன்றுதான், யாருக்கும் சலுகை கூடாது என்பேன்.

ஒருநாள் டீ கொண்டுவந்த அக்காவிடம் கணக்கு சார் நியாயம் கேட்டார். அக்கா டம்ளர்களை ஒவ்வொன்றாக வைத்து முடித்துவிட்டு, "ரெண்டு பேரு சொல்றதும் சரியாத்தானுங்க இருக்கு" என்றார். நான் விடவில்லை. ஏதாவது ஒரு பக்கம் சொல்லுங்கள் என்றேன். "பரீட்சை இருந்துட்டுப் போகட்டுங்க டீச்சர். அது பாட்டுக்கு அது இருக்குது. நாந்தானுங்க பாஸ் பண்ணோணும்" என்று சொல்லிவிட்டுக் காலித் தட்டோடு போனார்.

அந்த வருடம் அவருக்கு அது விளையாட்டாக இல்லை. ஆபீஸ் கிளார்க் மே மாதம் ரிட்டயர் ஆகிறார். படியேறி ஏறி அக்காவுக்கு இரண்டு முட்டியும் வீங்கிக் கிடந்தன. மருத்துவர் படி ஏறவே கூடாது என்று சொல்லியிருந்தார். யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாத மனுஷி, கரஸ்பாண்டெண்ட் அறை வாசலில் நாற்பது நிமிடம் நின்று, கிளார்க் வேலையைக் கேட்டுவிட்டார். "பிளஸ் டூ சர்டிபிகேட்டைக் கொண்டாங்க, சீட் உங்களுக்குத்தான். இல்லைன்னா ஜூன்ல வேற ஆளைப் போட்டுப்போடுவேன். ஏறி எறங்க முடியலீன்னா நீங்களும் ஊட்ல இருந்துக்க வேண்டியதுதான்" என்று கரஸ்பாண்டெண்ட் சொல்லியனுப்பினார். ஆக, மார்ச்சில் பாஸ் ஆனால் உட்கார்ந்து பார்க்கிற வேலை. ஆகாவிட்டால் எந்த வேலையும் இல்லை.

அக்கா என்னிடம் வந்தார். போன தடவை எழுதிய விடைத்தாளின் நகலை வாங்கி வைத்திருந்தார். நான்காக மடித்து, சாமி படம் போட்ட பிளாஸ்டிக் பையில் பத்திரமாக இருந்தது. "எதுல தப்பு வருதுன்னு உங்களுக்கு ஒழியும்போது சித்த பார்த்துச் சொல்றீங்களா" என்றார்.

அன்று மாலை வீட்டில் அதைப் பிரித்தவள், சமையலை மறந்து சிரித்தேன். முதல் வரியே, "வணக்கமுங்க" என்று ஆரம்பித்தது. சரியான விடையைத் தேர்ந்தெடு என்ற பகுதியில், "ஆ-வா இருக்குமுங்க. ஈ-ன்னு உங்களுக்குப் பட்டா அதையே வெச்சுக்குங்க" என்று எழுதியிருந்தார். ஏவல் வினைக்கு எடுத்துக்காட்டுக் கேட்டிருந்தார்கள். வா, போ, நில் என்று எதை எழுதினாலும் மதிப்பெண். அக்கா, "வாங்க, உக்காருங்க" என்று எழுதியிருந்தார். பாடலின் நயம் பாராட்டுக என்ற கேள்விக்கு ஒரு பக்கம் எழுத வேண்டும். அக்கா இரண்டு வரியில் முடித்துவிட்டார். "நெம்ப நல்லா எழுதியிருக்காங்க. இதுக்கு மேல பாராட்டுனா அவியளுக்கே கூச்சமா இருக்குமுங்க."

தெருவிளக்கு கேட்டு மாநகராட்சி ஆணையருக்குக் கடிதம் எழுதச் சொல்லியிருந்தார்கள். "ஐயா, எங்க தெருவுல லைட்டு எரியறதில்லைங்க. அவசரம் ஒன்னுமில்லைங்க. உங்களுக்கு ஆயிரம் சோலி இருக்கும். அதுவரைக்கும் நாங்க டார்ச் லைட் வெச்சுச் சமாளிச்சுக்கறோமுங்க." கடிதத்தின் அமைப்பு, உறைமேல் முகவரி எல்லாம் கச்சிதமாக இருந்தது. ஆனால் படித்தால் விளக்கு வேண்டும் என்கிறாரா வேண்டாம் என்கிறாரா என்று அந்த ஆணையருக்கே குழம்பிவிடும்.

பேச்சு வழக்கை எழுத்து வழக்காக மாற்றுக என்று ஒரு கேள்வி. கொடுத்திருந்த வாக்கியம், 'அவன் நேத்து வந்தான்.' நேத்து என்பதை நேற்று என்று மாற்ற வேண்டும், வேறு எதையும் தொட வேண்டாம். அக்கா எழுதியிருந்தது: "அவர் நேற்று வந்தாருங்க." திருத்தியவர் அதன்மேல் சிவப்பு மையில் மூன்று ஆச்சரியக்குறி போட்டிருந்தார்.

கடைசிப் பக்கத்துக்கு வந்தபோதுதான் என் சிரிப்பு நின்றது. நெடுவினா ஒன்றை நன்றாகவே எழுதியிருக்கிறார். நானாக இருந்தால் தாராளமாக நாலு மதிப்பெண் போடுவேன். அதன் அடியில், "இது சரியா இருக்குமான்னு தெரியலைங்க. சரியில்லைன்னா அடிச்சுப்போடுங்க, நான் ஒன்னும் நெனச்சுக்க மாட்டேன்" என்று எழுதியிருந்தார். அந்தப் புண்ணியவான் அடித்துவிட்டார். குறுக்கே ஒரு கோடு, ஓரத்தில் சுழியம். மொத்தம் முப்பத்தொன்று. பாஸாவதற்கு முப்பத்தைந்து வேண்டும்.

மறுநாளிலிருந்து சாயங்காலம் நாலரைக்கு ஸ்டாஃப் ரூமில் வகுப்பு. ஐந்து மாதம் நடத்தினேன். செய்யுள், உரைநடை எதிலும் அவருக்குக் குறையில்லை, எல்லாம் மனப்பாடம். பிரச்சினை அந்த ஒரே ஒட்டுதான். பேனாவைக் கையில் எடுத்தால் அது வந்து உட்கார்ந்துகொள்ளும்.

"யாருக்கு அக்கா கெஞ்சறீங்க? பரீட்சைத்தாள்ல யாருக்கு இந்த மரியாதை?"

"திருத்தறவங்க யாருன்னே தெரியாதுங்களே டீச்சர். பெரியவங்களா இருந்துட்டா? முன்னப்பின்ன பார்க்காத ஒருத்தர்கிட்ட மொட்டையாப் பேசறதுங்களா?"

"நீங்க அவங்ககிட்டப் பேசலை. எழுதறீங்க."

"எழுதுனாலும் அவியதானுங்களே படிப்பாங்க."

அதற்கும் கத்தினேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று முன்பே சொன்னேன். ஒரு 'ங்க'-வுக்கு ஐம்பது தடவை இம்போசிஷன் என்று வைத்தேன். பிள்ளைகளுக்குக்கூட நான் அப்படிக் கொடுத்ததில்லை. அக்கா வீங்கிய முட்டியை நீட்டி உட்கார்ந்து எழுதிவிட்டு, கீழே "எழுதிட்டேனுங்க" என்று கையெழுத்துப் போடுவார். அதற்கு இன்னொரு ஐம்பது கொடுப்பேன். "மண்டையில என்னதான் வெச்சிருக்கீங்க?" என்று கேட்டிருக்கிறேன். "மூணு தடவை உங்களை ஃபெயில் போட்டதுல தப்பே இல்லை" என்று ஒருநாள் எல்லோர் முன்னாலும் சொன்னேன். நோட்டை மேஜையில் விசிறியடித்து, அது வழுக்கிக் கீழே விழுந்து, அக்கா குனிந்து எடுத்ததும் உண்டு. ஒவ்வொரு நாளும் கிளம்பும்போது, "நெம்ப நன்றிங்க டீச்சர், வாரேனுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போவார்.

பீரோவைப் பார்த்து 'வா' என்று சொல்லச் சொன்னேன். "வா" என்றவர், பீரோ கோபித்துக்கொள்ளுமோ என்று ஒரு கணம் பார்த்துவிட்டு, "ங்க" என்றார். கணக்கு சார் உதவிக்கு வந்தார். "அக்கா, என்னை 'டேய், இங்க வா'ன்னு கூப்பிடுங்க. நான் ஒன்னும் நெனச்சுக்க மாட்டேன்" என்றார். அக்காவுக்கு முகம் வெளுத்துவிட்டது. கூப்பிடவும் இல்லை. கூப்பிடுவதாக மனதில் நினைத்துப் பார்த்ததற்காக, மறுநாள் சாருக்கு பேக்கரியிலிருந்து தேங்காய் பன் வாங்கிவந்து கொடுத்தார்.

பிப்ரவரி வந்துவிட்டது. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. வேறு வழி தெரியாமல் ஒரு யோசனை சொன்னேன். "அக்கா, மரியாதை கொடுக்கவே வேண்டாத ஆள் ஒருத்தராவது உங்க வாழ்க்கையில இருப்பாங்க. அந்த ஆள்தான் பேப்பரைத் திருத்தப்போறதா நெனச்சு எழுதுங்க. மொத்தப் பேப்பரையும் அவங்களுக்கே எழுதுங்க."

அக்காவுக்கு ஒருவரும் அகப்படவில்லை. நானே எடுத்துக் கொடுத்தேன். அவர் வீட்டுக்காரர் இவரையும் பெண் குழந்தையையும் விட்டுவிட்டுத் திருப்பூரில் இன்னொருத்தியோடு குடித்தனம் நடத்துகிறவர்.

"அவிய பாவமுங்க. அவியளுக்கும் ஒரு ஆசை இருக்குமுங்களே."

"சரி, உங்க நிலத்தை எழுதி வாங்கிக்கிட்ட நாத்தனார்?"

"அவிய ஊட்ல இப்பத்தானுங்க ஒரு நல்ல காரியம் நடந்துச்சு."

"அப்ப நம்ம கிளார்க்? தெனமும் உங்களைக் காது கேக்காதான்னு கத்தறாரே."

"அவியளுக்கு சுகருங்க. சுகர் இருந்தா கோவம் எச்சா வருமுங்க."

நான் தலையில் அடித்துக்கொண்டு நோட்டை மூடிவிட்டேன். இந்த உலகத்தில் இவர் கோபப்பட ஒரு ஆள் இல்லை என்றால் கிளார்க் வேலையும் இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்து போனேன்.

இரண்டு நாள் கழித்து நாலரைக்கு வந்தார். முகத்தைப் பார்க்காமல், "ஒருத்தர் கெடைச்சாங்க டீச்சர்" என்றார். தெருவிளக்குக் கடிதத்தையே எழுதச் சொன்னேன். பத்து நிமிடத்தில் நீட்டினார். "எங்கள் தெருவில் விளக்கு எரியவில்லை. இதைச் சொல்லச் சொல்ல உங்கள் காதில் விழுவதும் இல்லை. நாங்கள் இருட்டில் நடப்பதைப் பற்றி உங்களுக்கு ஒரு கவலையும் கிடையாது. உடனே விளக்கைப் பொருத்தவும்."

படித்துவிட்டு எனக்கே கொஞ்சம் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் ஒரு 'ங்க' இல்லை. அடுத்த நாள் நயம் பாராட்டல் எழுதினார், முழுதாக ஒரு பக்கம். ஏவல் வினைக்கு எடுத்துக்காட்டு ஒன்று கேட்டால், "போ, நிறுத்து, வாயை மூடு" என்று மூன்று எழுதினார். எழுதும்போது அவர் உதடு லேசாக இறுகும். முடித்து, பேனாவுக்கு மூடி போட்டதும் பழையபடி ஆகிவிடுவார். "சரியா இருக்குதுங்களா டீச்சர்?" என்பார்.

எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. என்னுடைய முறைதான் ஜெயித்தது என்று ஸ்டாஃப் ரூம் முழுக்கத் தம்பட்டம் அடித்தேன். அந்த ஆள் யார் என்று பெரிய விவாதமே நடந்தது. அக்காவின் வீட்டுக்காரர்தான் என்று கணக்கு சார் அடித்துச் சொன்னார். ஹெட்மாஸ்டர், கரஸ்பாண்டெண்டாக இருக்குமோ என்று மெல்லிய குரலில் சந்தேகப்பட்டார். நான் கிளார்க் என்று உறுதியாக இருந்தேன். அந்த மனிதர் பக்கத்து அறையில் யாரையோ கத்திக்கொண்டிருப்பது எங்களுக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அக்காவிடம் கேட்டால், "அது எதுக்குங்க" என்று சிரித்து நழுவிவிடுவார்.

மார்ச்சில் பரீட்சை எழுதினார். மே மாதம் ரிசல்ட் வந்தபோது கணக்கு சார்தான் தன் போனில் பார்த்தார். இரண்டு தடவை பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். எழுபத்திரண்டு. அக்காவுக்கு வேலை கிடைத்துவிட்டது. அவர் வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் அழுதேன், சொல்வதற்கு என்ன வெட்கம். என் சொந்தப் பிள்ளை பாஸானபோதுகூட நான் அழவில்லை.

ஜூன் முதல் வாரத்தில் அக்கா கிளார்க் நாற்காலியில் உட்கார்ந்தார். அன்று மதியம் மைசூர்பா டப்பாவோடு என்னைப் பார்க்க வந்தார். ஸ்டாஃப் ரூமில் வேறு யாரும் இல்லை. எதிரில் உட்காரச் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு உட்கார்ந்தார். நான் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, "அக்கா, இப்பவாச்சும் சொல்லுங்க. யாரை நெனச்சு எழுதுனீங்க? கிளார்க்குதானே?" என்றேன்.

"ஐயோ, அவிய இல்லீங்க."

"அப்ப உங்க வீட்டுக்காரர்."

"அவியளும் இல்லீங்க."

"என்கிட்டச் சொல்றதுக்கு என்ன அக்கா? அஞ்சு மாசம் உங்களுக்காகக் கத்தியிருக்கேன். எனக்கு அந்த உரிமைகூட இல்லையா?"

அக்கா டப்பாவின் மூடியைத் திறந்தார், மூடினார். என்னைப் பார்க்கவில்லை.

"தப்பா நெனச்சுக்காதீங்க டீச்சர்" என்றார். "உங்களைத்தானுங்க."

வாயிலிருந்த மைசூர்பாவை என்னால் மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. அக்கா டப்பாவை என் பக்கமாக நகர்த்தி வைத்தார்.

"இன்னொன்னு எடுத்துக்குங்க" என்றார். எடுத்துக்கொண்டேன்.